விதி எழுதாமல் தொடங்கிய ஊர்

ஆரோவிலின் தியான மண்டபமான மாத்ரி மந்திரின் உள்ளே போவதற்கு முன் ஒரு ஜோடி வெள்ளைக் காலுறை கையில் கொடுக்கிறார்கள். விழுப்புரத்தில் பஸ் ஏறி வந்த குடும்பமும் பாரீஸிலிருந்து விமானம் ஏறி வந்தவரும் அதே காலுறையைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். சாய்தளப் பாதை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. உச்சியில் வெள்ளைப் பளிங்குச் சுவர்கள், பன்னிரண்டு தூண்கள், நடுவில் 70 செ.மீ. விட்டமுள்ள ஒரு படிகக் கோளம். கூரையிலிருந்து இறங்கும் ஒற்றைச் சூரியக் கதிர் அதன்மேல் விழுகிறது. சிலை இல்லை, விளக்கு இல்லை, பூ இல்லை, ஊதுபத்தி இல்லை. இருமல் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். ‘பேசாதீர்கள்’ என்று அதட்டுவதற்கு அங்கே ஆள் தேவைப்படுவதில்லை.

வெளியே நிலைமை வேறு. விடுமுறை நாட்களில் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிகிறார்கள். மாத்ரி மந்திரின் தங்க நிறக் கோள வடிவத்தைத் தூரத்திலிருந்து பார்க்க அனுமதிச் சீட்டு, உள்ளே போக முன்பதிவு, படம் எடுக்கத் தடை என்று கூட்டம் பெருகப் பெருக ஏற்பாடுகளும் கூடின. ஆனால் இந்த ஊரைத் தொடங்கிய ஸ்ரீ அன்னை விதிகளை விரும்பியவர் அல்லர். ஆரோவிலில் சட்டதிட்டங்கள் எவ்வளவு குறைவாக இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது என்பதே அவருடைய நினைப்பு. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு தொடங்கி இன்று சுமார் 3,300 பேர் வாழும் ஊராக வளர்ந்தபோது, எழுதாத ஒழுங்கு எப்படி நின்றது, எங்கே நிற்காமல் போனது என்பதுதான் ஆரோவிலின் அரை நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு.

அந்த வரலாற்றுக்கு முன்னால் மண்ணின் வரலாறு ஒன்று உண்டு. பக்கத்து நகரமான திண்டிவனத்தின் பெயரே காட்டைச் சொல்கிறது. திந்திரிணி என்றால் புளி. புளியமரக் காடு இருந்த இடம் என்பது பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் இன்னமும் கிடக்கின்றன. அவற்றின் வயதைப் புவியியலாளர்கள் கோடி ஆண்டுகளில் கணக்கிடுகிறார்கள். ஆனால் 1960-களில் குயிலாப்பாளையம், இடையன்சாவடி, கோட்டக்கரை, ஆலங்குப்பம் பக்கம் வந்தவர்கள் பார்த்தது காட்டை அல்ல. மழை அரித்த செம்மண் மேடு, ஆள் உயரத்துக்கும் மேலான ஓடைப் பள்ளங்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை, சில முந்திரித் தோப்புகள். மழை பெய்தால் மேல்மண் கரைந்து செந்நீராக வங்கக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பும் மல்லாட்டையும் போட்டவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வறட்சிக்கு ஊர்மக்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் மொரட்டாண்டி பக்கம் உள்ளே திரும்பினால் இரும்பை. சம்பந்தர் பாடிய தலம், மாகாளேஸ்வரர் கோயில். கடுவெளிச் சித்தர் இங்கே புற்று மூடும்வரை தவத்தில் இருந்தாராம். அவர் தவத்தின் வெம்மையால் மழை நின்றதாக நினைத்த அரசன், வள்ளி என்ற நாட்டியப் பெண்ணை அனுப்பினான். சித்தர் கண் திறவாமல் உண்ணும் சருகுக்குப் பதிலாக அவர் கையில் அவள் அப்பளத்தை வைத்தாள். தவம் கலைந்தது, மழை வந்தது. கோயிலில் நடந்த விழாவில் அவள் ஆடும்போது சிலம்பு கழன்று விழ, சித்தரே எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சித்தர் சீறினார், லிங்கம் வெடித்துச் சிதறியது, ஊர் பாலையாகட்டும் என்று சாபம் விழுந்தது. அரசன் காலில் விழுந்து மன்றாட, தூரதேசத்தார் வந்து இந்த மண்ணைப் பசுமையாக்குவார்கள் என்றும் சித்தர் சொன்னாராம். சிதறிய லிங்கம் செப்புத் தகட்டால் சேர்த்துக் கட்டப்பட்ட நிலையில் இன்றும் பூசை பெறுகிறது. ஆரோவில்காரர்களுக்கு இந்தக் கதையின் கடைசி வரி மிகவும் பிடிக்கும். ஆனால் நடுவில் இருப்பதுதான் கூர்மையானது. கூட்டம் என்று ஒன்று சேர்ந்துவிட்டால் எங்கே சிரிக்கக் கூடாது என்பது மறந்துபோகிறது.

1968 பிப்ரவரி 28, காலை. செம்மண் மேட்டின் நடுவே நின்ற பழைய ஆலமரத்தின் அருகில் சுமார் 5,000 பேர் கூடியிருந்தார்கள். 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் தத்தம் மண்ணை ஒரு கைப்பிடி கொண்டுவந்து, தாமரை மொட்டு வடிவப் பளிங்குத் தாழியில் போட்டார்கள். 90 வயது நிறைந்திருந்த ஸ்ரீ அன்னை, மிர்ரா அல்ஃபாஸா, அங்கே வரவில்லை. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் தம் அறையில் இருந்தபடியே பிரெஞ்சு மொழியில் ஆரோவிலின் சாசனத்தை வாசித்தார். குரல் வானொலி வழியாக மேட்டுக்கு வந்தது. பிறகு தமிழ் உட்படப் பல மொழிகளில் அது வாசிக்கப்பட்டது.

சாசனத்தில் நான்கே கூறுகள். ஆரோவில் தனியொருவருக்குச் சொந்தமல்ல, மனிதகுலம் முழுமைக்கும் உரியது. ஆனால் இங்கே வாழ விரும்புகிறவர் இறையுணர்வுக்கு மனமுவந்து தொண்டு செய்ய வேண்டும். இது ஓயாத கல்விக்கான இடம். கடந்த காலத்துக்கும் வருங்காலத்துக்கும் பாலம். மனித ஒற்றுமைக்கான பொருள்வழி, ஆன்மிக ஆராய்ச்சியின் களம். அவ்வளவுதான். யார் உறுப்பினர், யார் தலைவர், சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. அன்னை இருந்தவரை அந்தக் குறை யாருக்கும் தெரியவில்லை. கேள்வி எழுந்தால் சீட்டு எழுதி அனுப்புவார்கள், பதில் வரும். மதம் வேண்டாம், அரசியல் வேண்டாம், போதைப்பொருள் கூடாது, நிலமும் வீடும் யாருக்கும் தனிச்சொத்து ஆகாது என்பவையெல்லாம் இப்படி வாய்ச்சொல்லாகவும் சிறு குறிப்பாகவும் வந்து நின்ற வழக்கங்கள். ஊர் முழுவதுக்கும் 50,000 பேர் என்பது இலக்கு. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜே ஆஞ்ஜே அண்டவெளிச் சுழல் போன்ற வடிவில் நகரத் திட்டம் வரைந்தார். வரைபடத்தில் கோபுரங்கள் நின்றன. தரையில் நிழலுக்கு மரம் இல்லை.

முதலில் வந்தவர்கள் நகரம் கட்டவில்லை, குடிசை கட்டினார்கள். 1969-ல் பாரீஸிலிருந்து வண்டிகளில் தரைவழியாகவே கிளம்பி வந்த இளைஞர் கூட்டம் குயிலாப்பாளையம் அருகே ‘ஆஸ்பிரேஷன்’ குடியிருப்பில் இறங்கியது. சவுக்குக் கழி, தென்னங்கீற்று, தேங்காய் நார்க் கயிறு. ஆணி அடிக்காமல் கயிற்றை எப்படி முறுக்கிக் கட்டினால் கூரை புயலுக்குத் தாங்கும் என்பதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். மழைநீரை மறிக்க வரப்பு எங்கே போடுவது, செம்மண் எந்த மாதத்தில் குழி தோண்ட இளகும் என்பதெல்லாம்கூட வயலில் நின்றவர்களிடம் இருந்த அறிவுதான். ஆரோவிலின் முதல் பள்ளிக்கூடம் இதுவே என்று சொன்னால் தவறாகாது.

அந்த ஆண்டுகளில் ஒழுங்கு எங்கே இருந்தது என்று தேடினால் மண்வெட்டியின் பிடியில்தான் கிடைக்கும். காலையில் கடப்பாரை எடுத்துக்கொண்டு குழி வெட்டப் போகிறவன் சேர்ந்தவன். போகாதவன் தானாகவே சலித்துப்போய் ஊர் திரும்பிவிடுவான். மாத்ரி மந்திருக்கு 1971 பிப்ரவரி 21-ல் அடிக்கல் நாட்டியபோதும் இதே கதை. பள்ளம் தோண்டும் வேலையில் ஆரோவில்வாசிகள் முதலில் இறங்கினார்கள். பின்னால் சுற்றுக் கிராமங்களிலிருந்து கூலியாட்கள் வந்து சேர்ந்தார்கள். சட்டி கைமாறிக் கைமாறி வரும் வரிசையில் ஜெர்மானியர் பக்கத்தில் இடையன்சாவடிக்காரர் நிற்பார். பேச ஒரு பொதுமொழி கிடையாது. புதிதாக வந்தவர் அந்த வரிசையில் ஒருநாள் நின்றால் போதும், இந்த ஊரில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது பாதி தெரிந்துவிடும்.

உரசல் இல்லாமல் இல்லை. அறுவடை முடிந்த காட்டில் யாருடைய ஆடும் மேயலாம் என்பது கிராமத்து வழக்கம். நட்ட கன்றைச் சுற்றி முள்வேலி போட்டு ஆட்டை விரட்டுவது வந்தவர்களின் தேவை. இரண்டு பக்கத்திலும் எழுதாத சட்டம். இரண்டும் ஒரே நிலத்தில் மோதிக்கொண்டன. ஊர்க்காரரையே காவலுக்கு வைத்தபோதுதான் பல இடங்களில் கன்றுகள் பிழைத்தன. ஆட்டுக்காரரோடு முறை சொல்லிப் பேசத் தெரிந்த காவலுக்கு முன்னால் முள்வேலி பெரிய காரியமல்ல. சீக்கிரம் வளர்ந்து மண்ணைப் பிடிக்கட்டும் என்று ஆஸ்திரேலியக் கத்திச்சவுக்கை நிறைய நட்டார்கள். அதன் மஞ்சள் பூவுக்கு அன்னை ‘வேலை’ என்று பெயர் வைத்திருந்ததால் மரத்துக்கே வேலை மரம் என்று பெயர் வந்தது. அதன் நிழலில்தான் பிறகு இந்த மண்ணின் சொந்த மரங்கள் எழுந்தன. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது வேலை மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. நாட்டு மரங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. இதுவரை நட்டவை இருபது லட்சத்துக்கும் மேல் என்பது ஆரோவில்காரர்கள் சொல்லும் கணக்கு. கணக்கு எப்படியிருந்தாலும், அன்றைய பொட்டல் மேட்டின் படத்தையும் இன்றைய காட்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு நெகிழாமல் இருக்காது.

1973 நவம்பர் 17-ல் அன்னை மறைந்தார். சீட்டுக்குப் பதில் எழுத இனி ஆள் இல்லை.

நிலப் பத்திரங்கள் 1960-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டியின் பெயரில் இருந்தன. பணமும் அதன் வழியாகவே வந்தது. மேட்டில் வாழ்ந்தவர்களோ, இந்த ஊர் யாருக்கும் சொந்தமல்ல என்ற சாசனத்தை நம்பி வந்தவர்கள். தங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ள 1975-ல் அவர்கள் தனிச் சங்கம் பதிவுசெய்ய முனைந்ததும் சண்டை முற்றியது. பண வரத்து நின்றது. வெளிநாட்டினரின் விசா கேள்விக்குறியானது. போலீஸ் வந்தது, கைதுகளும் நடந்தன. 1976-ல் பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கத் தூதரகங்கள் உணவு உதவி அனுப்பும் நிலைமை. சாப்பாட்டுக்கு வழியில்லாத அந்த நாட்களில் ‘எல்லோருக்குமாக’ என்று பொருள்படும் ‘பூர் தூ’ என்ற பொதுப் பண்டகசாலைதான் ஊரைக் காப்பாற்றியது. இருப்பதைக் கூட்டி வைத்து, தலைக்கு இவ்வளவு என்று பகிர்ந்துகொண்டார்கள்.

கடைசியில் டெல்லி தலையிட்டது. கல்வி அமைச்சகத்தில் ஆலோசகராக இருந்த கிரீத் ஜோஷி இதில் பெரும்பங்கு ஆற்றினார். 1980-ல் ஆரோவில் நெருக்கடிகால ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. நிர்வாகம் தற்காலிகமாக மத்திய அரசின் கைக்கு மாறியது. சொசைட்டி தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. ஸ்ரீ அரவிந்தரைப் பின்பற்றுகிறவர்கள் ஒரு மதப்பிரிவு, அதன் காரியத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது வாதம். ஐந்து நீதிபதிகள் அமர்வு 1982 நவம்பர் 8-ல் தீர்ப்புச் சொன்னது: சட்டம் செல்லும். அரவிந்தரின் போதனை மதமல்ல, ஒரு தத்துவம் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. மதம் வேண்டாம் என்று வாய்ச்சொல்லாக இருந்த ஒரு வழக்கம், நாட்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறியது இப்படித்தான்.

ஊர் வளரும்போது வழக்கம் எழுத்தாக மாறுவது தொண்டை மண்டலத்துக்குப் புதிதல்ல. திண்டிவனத்துக்கு வடக்கே உத்திரமேரூர் சபை, முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில், 919-ல், குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டியது. வாரியத்தில் உட்கார 30 முதல் 60 வயது. இரண்டே ஆண்டில், 921-ல், சபை மறுபடி கூடி அதைத் திருத்தியது. வயது 35 முதல் 70 ஆனது; கணக்குக் காட்டாமல் போனவர்கள், அவர்களின் உறவுக்காரர்கள் என்று யாரெல்லாம் கூடாது என்ற பட்டியல் நீண்டது. அந்த இரண்டு ஆண்டுகளில் எங்கோ ஏதோ வலித்திருக்கிறது. கல்லில் வெட்டியதையே இவ்வளவு சீக்கிரம் மாற்றவேண்டி வந்திருக்கிறது. தங்கள் விதி போதவில்லை என்று ஒப்புக்கொண்டு திருத்தும் துணிவு அந்தச் சபைக்கு இருந்தது. பழைய கல்லையும் அழிக்கவில்லை. இரண்டும் அதே கோயிலில் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான வழியையும் திண்டிவனத்தருகிலேயே பார்க்கலாம். செஞ்சி போகும் பக்கத்தில் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் உள்ள ஊர். லட்சுமிசேன பட்டாரகர் என்ற பெயர் ஒருவருக்குப் பின் ஒருவராக மடாதிபதிகளுக்கு வருகிறது. பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடிப்பது நயினார் எனப்படும் இந்தச் சமணர்களின் வீடுகளில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் பழக்கம். அதைச் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் வேண்டியதில்லை. பிறந்த வீடே பள்ளி. இந்தச் சமூகம் பல நூற்றாண்டு தன்னைக் காத்துக்கொண்டது. புதிதாக ஆள் சேர்ந்து பெருகிய சமூகம் அல்ல அது. ஆரோவிலுக்கு அந்த வசதி கிடையாது. அங்கே வருகிறவர்கள் அத்தனை பேரும் வேறெங்கோ பிறந்து, வேறேதோ பழக்கத்தோடு வருகிறவர்கள்.

ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் 1988-ல் நிறைவேறியது. நிலமும் சொத்தும் அறக்கட்டளையின் கீழ் வந்தன. அரசு நியமிக்கும் ஆட்சிக்குழு, சர்வதேச ஆலோசனைக் குழு, குடியிருப்போர் பேரவை என்று மூன்று அமைப்புகள். பதிவேட்டில் பெயருள்ள, 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் பேரவை உறுப்பினர். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பதையும் நகரத் திட்டம் வகுப்பதையும் பேரவையின் வேலைகளாகச் சட்டம் சொன்னது. விதி எழுதாமல் தொடங்கிய ஊருக்கு நாடாளுமன்றமே விதி எழுதிக்கொடுத்தது. அன்றைக்கு அது ஒரு மீட்பு. பயந்துகொண்டு வாழ்ந்தவர்கள் மூச்சுவிட்டார்கள்.

ஆனால் தினசரி ஒழுங்கைக் காத்தது அந்தச் சட்டம் என்று சொல்ல முடியாது. அதைக் காத்தது காத்திருப்பு. ஆரோவில்வாசியாக விரும்புகிறவர் முதலில் சில மாதம் விருந்தினராகவோ தொண்டராகவோ இருந்து பார்க்க வேண்டும். பிறகு ‘புதியவர்’ என்ற நிலையில் ஓராண்டுக்கு மேல். காட்டிலோ பள்ளியிலோ பட்டறையிலோ வேலை; கூடவே பழையவர் ஒருவரின் வழித்துணை. அதற்குப் பிறகுதான் பெயர் பதிவேட்டில் ஏறும். வீடு கட்டப் பணம் கொடுத்தாலும் வீடு அவருடையதாகாது. குடியிருக்கலாம், விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. சொந்த வீட்டுக்காக வாழ்நாள் முழுவதும் பாடுபடும் தமிழ்நாட்டு மனசுக்கு இது எவ்வளவு கடினமான காரியம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் நோட்டும் சில்லறையும் கைமாறுவது குறைவு. கணக்கு எண்ணைச் சொன்னால் பற்று எழுதிக்கொள்வார்கள். தொழில் நடத்தும் அலகுகள் லாபத்தில் ஒரு பங்கை, மூன்றில் ஒன்று என்ற அளவுகோலில், பொதுநிதிக்குக் கொடுப்பது எதிர்பார்ப்பு.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க மதியம் சூரிய சமையல்கூடத்துக்குப் போக வேண்டும். 1997-ல் தொடங்கியது. கூரைமேல் 15 மீட்டர் விட்டத்தில் ஒரு பெரிய கிண்ணம். உட்புறம் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். அது சூரியனை வாங்கி நீராவி ஆக்கிக் கீழே அடுப்புக்கு அனுப்புகிறது. பள்ளிகளுக்குப் போகும் சாப்பாட்டையும் சேர்த்து நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கான சமையல் நடக்குமளவு பெரிய கூடம். வரிசையில் தட்டோடு நிற்பவர்களில் யார் நேற்று வந்தவர், யார் முப்பது ஆண்டு ஆனவர் என்று சட்டென்று சொல்ல முடியாது. எதிரில் உட்கார்ந்தவரின் பேச்சிலிருந்து இந்த வாரக் கூட்டத்தில் என்ன பிரச்சினை, யார் வீட்டுக்கூரை ஒழுகுகிறது, எந்தக் காட்டில் ஆள் பற்றாக்குறை என்பதெல்லாம் புதியவர் காதில் விழுகிறது. சேர்ந்து சாப்பிடுகிற இடம் இல்லாமல் போயிருந்தால் இந்த ஊர் பத்துப் பதினைந்து தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிந்திருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

கிராமங்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதை முடியாது. ஆரோவிலில் தினமும் வேலைக்கு வருகிற கிராமத்தார் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எண்ணிக்கையில் அவர்கள் குடியிருப்போரைவிடக் குறைந்தவர்கள் அல்லர். ஒருவர் காட்டை வளர்த்தார், அவர் மகள் அங்கே பள்ளியில் படித்தாள், பேரன் ஆரோவில்வாசியானான் என்ற வகைக் குடும்பங்கள் குயிலாப்பாளையத்தில் உண்டு. நாற்பது ஆண்டு வேலை செய்தும் வேலைக்காரராகவே ஓய்வுபெற்ற குடும்பங்களும் உண்டு. பணத்தைத் தள்ளிவைத்த ஊர், வேலியின் அந்தப் பக்கம் கூலி கொடுக்கிற ஊராகவே தெரிந்தது. இந்த முரண் வலிக்கும் முரண்; அதை மூடி மறைக்காமல் பேசியவர்கள் ஆரோவிலுக்குள்ளேயே இருந்தார்கள். ‘நெருஞ்சி’, ‘சுடுபூக்கள்’ தொகுப்புகளால் தமிழ் வாசகர் அறிந்த கவிஞர் இரா. மீனாட்சி 1970-களில் ஆரோவிலுக்கு வந்து, பகலில் வேலைக்குப் போகும் கிராமத்து இளைஞர்கள் படிப்பதற்கென்று இளைஞர்கள் கல்வி மையத்தை நடத்தினார். தமிழ் இந்த ஊரின் மொழிகளில் ஒன்று என்று அன்னை சொல்லியிருந்தார். அதைக் கூட்டங்களிலும் அறிவிப்புகளிலும் உண்மையாக்க இப்படிப்பட்டவர்கள் பல ஆண்டு உழைக்க வேண்டியிருந்தது. இன்று குடியிருப்போரில் பாதிக்கு அருகில் இந்தியர்கள். அவர்களில் கணிசமானவர்கள் தமிழர்கள்.

3,300 எங்கே, 50,000 எங்கே? இந்தக் கேள்விதான் 2021-ல் வெடித்தது. எல்லோரையும் ஒத்துக்கொள்ளவைத்து முடிவெடுக்கும் பழக்கம் சிறிய ஊரின் பழக்கம். ஒருவர் மனம் நோகாமல் பேசிப் பேசி முடிவுக்கு வர ஆண்டுகள் ஆகும். நகரம் எழும்பவில்லை என்பது ஆட்சிக்குழுத் தரப்பின் வாதம். இருக்கிற காட்டையும் ஓடையையும் பார்த்துத் திட்டத்தை வளைக்க வேண்டும், பேரவையைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்பது குடியிருப்போரில் பலரின் வாதம். அந்த டிசம்பரில் ‘கிரவுன்’ எனப்படும் வட்டச் சாலைக்காக இளைஞர் மையம் பக்கத்தில் ஜேசிபி இறங்கியது. மரங்கள் விழுந்தன. ஐம்பது ஆண்டாக மண்வெட்டியோடு பழகிய இடத்தில் மனிதர்கள் இயந்திரத்தின் முன்னால் நின்றார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த மாதமே தடை விதித்து, 2022 ஏப்ரலில் விரிவான உத்தரவும் போட்டது. நகர வளர்ச்சிக் குழுவைப் பேரவையைக் கலக்காமல் மாற்றியமைத்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னது. 2025 மார்ச் 17-ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்துசெய்து, அறக்கட்டளைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

1988-ல் ஊரைக் காப்பாற்றிய அதே சட்டத்தின் பிரிவுகளை இந்த வழக்குகளில் இரு தரப்பும் எதிரெதிராகப் படித்தன. அன்னையின் சொற்களையும் அப்படியே. வேகமாகக் கட்டு என்று அவர் சொன்ன குறிப்பும் இருக்கிறது, விதி வேண்டாம் என்ற குறிப்பும் இருக்கிறது. அவர் உயிரோடிருந்தபோது ஒவ்வொன்றும் ஒருவருக்கு, ஒரு நாளில், ஒரு கேள்விக்கு எழுதிய பதில். கேட்டவரையும் கேள்வியையும் உதிர்த்துவிட்டுப் பதிலை மட்டும் எடுத்து வைத்தால் அது ஆணையாகிவிடுகிறது. ஆரோவிலின் துயரத்தில் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது என்றே தோன்றுகிறது. சட்டி கைமாறிய அந்த வரிசையில் நின்றவர்களுக்கு, பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரிந்திருந்தது. வழக்குக் கட்டில் முகம் தெரிவதில்லை.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று விடியுமுன் பளிங்குத் தாழியைச் சுற்றியுள்ள அரங்கில் கூடுகிறார்கள். இருட்டில் மிதிவண்டிகளும் மொபெட்டுகளும் வந்து நிற்கின்றன. சால்வை போர்த்திய வயதானவர்கள், தோளில் தூங்கும் பிள்ளையோடு தாய்மார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், முதல்முறை வந்த புதியவர்கள். நடுவில் நெருப்பு மூட்டப்படுகிறது. ஒலிப்பதிவில் அன்னையின் நடுங்கும் குரல் பிரெஞ்சில் சாசனத்தைச் சொல்கிறது. யாரும் பேசுவதில்லை. கிழக்கில் வெளுக்க வெளுக்க மாத்ரி மந்திரின் தங்கத் தகடுகள் ஒவ்வொன்றாக நிறம் காட்டுகின்றன. நெருப்பு தணிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, கால் சத்தம் கேட்காமல் செம்மண் பாதையில் நடக்கிறார்கள். அதே நேரம் இடையன்சாவடிப் பக்கமிருந்து சாப்பாட்டுத் தூக்கு ஆட, அன்றைய வேலைக்கு வருகிறவர்களின் சைக்கிள்கள் எதிரில் வரத் தொடங்குகின்றன.